காற்றோடு போன செய்திகள்: எங்கட தொலைக்காட்சிகளுக்கு ஏன் நல்ல செய்தித்தளம் வேணும்?

1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ அந்தக் காலத்தில் என்ன எழுதியது என்று இண்டைக்கும் ஒரு மாணவர் தேடிப் படிக்கலாம். 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’யின் பழைய தாள்களைக் கொழும்பில் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்ப் புரட்டலாம். ஆனால் 1999ஆம் ஆண்டில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, தமிழ் தொலைக்காட்சிச் செய்தியில் என்ன சொன்னவை என்று கேட்டால்? எங்க போய்த் தேடுறது என்றே தெரியாது. 180 வருசத்துக்கு முந்தின எழுத்து கைக்கு எட்டுது. எங்கட அம்மா அப்பா கதிரையில இருந்து பார்த்த செய்தி கைக்கு எட்டேல்லை.

‘தொலைக்காட்சிக்கு எதுக்கு இணையத்தளம், அதான் ரி.வி. இருக்கே’ என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். செய்தித்தளம் விளம்பரத்துக்கோ ஸ்டைலுக்கோ அல்ல. ஒரு தொலைக்காட்சி நிலையம் மக்களுக்குச் சொன்னதற்கு அது ஒரு பதிவு. அந்தப் பதிவு இல்லாமல் போனதால் நாங்கள் எதை இழந்திருக்கிறம் என்று விளங்க, எங்கட தொலைக்காட்சியின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்க வேணும்.

இரண்டு மாதத்தில் கைமாறிய பெட்டி

இலங்கையில் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரல் 13, புதுவருசக் காலத்தில். ஐ.ரி.என். எனப்படும் சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பு, தனியாரின் முயற்சியாகத் தொடங்கி, கொழும்பையும் அதைச் சுற்றின இடங்களையும் மட்டும் எட்டியது. இரண்டு மாதங்கூட முடியவில்லை. அந்த வருசம் ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. பெயரில் மட்டும் ‘சுயாதீனம்’ மிஞ்சினது.

அடுத்தது ரூபவாஹினி. 1982ஆம் ஆண்டு 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாகி, ஜப்பானின் உதவியோடு, அந்த வருசம் பெப்ரவரி 15 முதல் ஒளிபரப்பத் தொடங்கியது. நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில் கோபுரம் நட்டு, தீவு முழுக்க எட்டும்படி செய்தார்கள். இதன் பிறகு பத்து வருசத்துக்கு, நாட்டுக்குள் இருந்து வந்த தொலைக்காட்சிச் செய்தி எல்லாமே அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது.

அந்தப் பத்து வருசத்துக்குள் நடந்ததை யோசித்துப் பாருங்கள். ரூபவாஹினி தொடங்கி ஒன்றரை வருசத்தில் 1983 ஜூலை வந்தது. கொழும்பு எரிந்துகொண்டிருந்த நாட்களில், ஜூலை 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல்கூட அதில் இல்லை என்பதைப் பிறகு எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஜனாதிபதியின் உரை என்பதால் அது பத்திரிகையில் அச்சாகித் தப்பிவிட்டது. ஆனால் அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு இரவும் போன செய்தியறிக்கைகள்? எந்தச் செய்தியை முதலில் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், சிங்களத்தில் சொன்னதும் தமிழில் சொன்னதும் ஒன்றா? இதெல்லாம் ஒரு வரலாற்று மாணவருக்குப் பெரிய கேள்விகள். விடை தேட, நாங்கள் எல்லாரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு இடம் இல்லை.

கரண்ட் இல்லாத காலம்

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போனது. தொண்ணூறுகளின் முதல் பாதி முழுக்க அந்த இருட்டுத்தான். பற்றரிகூடத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் வாற கரண்டில் மற்றவை சுத்தி இருந்து ரேடியோ கேட்ட கதையை அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவினம். பி.பி.சி. தமிழோசை, வெரித்தாஸ் எல்லாம் அப்பிடித்தான் எங்கட வீடுகளுக்குள் வந்தன. தொலைக்காட்சி என்பது ஜெனரேட்டர் பிடிச்சுப் படம் பார்க்கிற பெட்டி மட்டுந்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நிற்கவில்லை. தாள் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சடித்தார்கள். அந்தத் தாள்களில் ஒரு பகுதி இண்டைக்கும் இருக்கு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்துக்குப் போனால், இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று ஆயிரக்கணக்கில் வருடி ஏற்றி வைத்திருக்கினம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த நெருப்பு எங்கட சமூகத்துக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தது: ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போய்விடும், பிரதி இருந்தால்தான் மிஞ்சும். அச்சு விசயத்தில் நாங்கள் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டோம். ஒளிபரப்பு விசயத்தில் இன்னும் படிக்கவில்லை.

தனியார் அலைவரிசைகளும் ஒரு தீர்ப்பும்

1992க்குப் பிறகு தனியார் தொலைக்காட்சிகள் வரத் தொடங்கின. தமிழுக்கென்று முழு நேரமாக சக்தி ரி.வி. 1998இல் வந்தது. 2009 ஜூனில், யுத்தம் முடிந்த அடுத்த மாதம், ஐ.ரி.என். நிறுவனம் வசந்தம் தொலைக்காட்சியைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்து டான் போன்றவை இயங்குகின்றன. எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

இடையில் நடந்த ஒரு விசயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1997இல் அரசாங்கம் ஒளிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்மானத்தின் அடிப்படையில் இருந்த கருத்து எளிமையானது: வானலைகள் பொதுச்சொத்து. அவை மட்டுப்படுத்தப்பட்டவை. அரசு அவற்றைத் தன் விருப்பத்துக்கு ஆள முடியாது, மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கருத்தை நாங்கள் வழமையாக ஊடக சுதந்திரத்துக்குத்தான் பயன்படுத்துகிறம். நான் அதை இன்னொரு பக்கம் கொண்டுபோக விரும்புகிறேன். வானலை பொதுச்சொத்து என்றால், அதில் ஏறி மக்களுக்குச் சொன்ன செய்தியும் சொல்லி முடிந்ததோடு நிலையத்தின் தனிச்சொத்தாக மாறிவிடக் கூடாது. எனக்குச் சொன்ன ஒன்றைத் திரும்பப் படிக்க எனக்கு உரிமை இருக்க வேணும். பத்திரிகைக்கு இது இயல்பாகவே நடக்கிறது. காசு கொடுத்து வாங்கின தாள் வீட்டில் கிடக்கும், பிரதி சுவடிகள் திணைக்களத்தில் கிடக்கும். தொலைக்காட்சிக்கு இதைச் செய்யக்கூடியது, ஒழுங்காக நடத்தப்படுகிற ஒரு செய்தித்தளம்தான்.

போன செமஸ்டரில் எங்கட குழு ஒரு ஒப்படை செய்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான ஒரு கிழமையைப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் எப்படிச் சொன்னது என்று ஒப்பிடுறதுதான் திட்டம். பத்திரிகை இரண்டு நாளில் கிடைத்துவிட்டது. தொலைக்காட்சிக்கு ஒரு தனியார் அலைவரிசைக்குப் போன் எடுத்தோம். மூன்று பேரிடம் கைமாறி, கடைசியில் ஒரு ஐயா அன்பாகத்தான் சொன்னார்: ‘அந்த டேப் எல்லாம் இப்ப எங்க பிள்ளை, அதுக்கு மேல வேற பதிஞ்சிருப்பினம்.’ ஒப்படையின் தலைப்பில் இருந்து ‘தொலைக்காட்சி’ என்ற சொல்லை வெட்டிவிட்டு எழுதி முடித்தோம்.

இது எங்கட நாட்டில் மட்டுமில்லை

டேப்புக்கு மேல் டேப் பதியிறது உலகம் முழுக்க நடந்த விசயம். வீடியோ டேப் அந்தக் காலத்தில் விலை கூடின சாமான், அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். பிரித்தானியாவின் பி.பி.சி. அறுபது, எழுபதுகளில் இப்படி அழித்தவை கொஞ்சநஞ்சமல்ல. 1969இல் மனுசன் நிலவில் கால் வைத்த இரவு அவர்கள் தங்கட ஸ்டூடியோவில் இருந்து ஒளிபரப்பின நிகழ்ச்சியின் பெரும்பகுதியே இண்டைக்கு இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை.

இதற்கு மாறாகச் செய்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டில் இருந்து பெரிய அலைவரிசைகளின் மாலைச் செய்தியை ஒவ்வொரு நாளும் பதிந்து வைக்கத் தொடங்கியது. அதைவிட ஆச்சரியமானவர் பிலடெல்பியாவில் இருந்த மரியன் ஸ்டோக்ஸ். முன்னர் நூலகராக வேலை செய்தவர். எங்கட நாட்டில் தொலைக்காட்சி பிறந்த அதே 1979இல், ஈரான் பணயக்கைதிகள் நெருக்கடி தொடங்கின நேரத்தில், வீட்டில் பல ரெக்கோடர்களை வைத்து 24 மணித்தியாலமும் செய்தி அலைவரிசைகளைப் பதியத் தொடங்கினார். 2012இல் சாகும்வரை நிறுத்தவில்லை. மிஞ்சினது ஏறத்தாழ 70,000 டேப். சொந்தக்காரர்களுக்கே அது விளங்காத பழக்கமாகத்தான் தெரிந்தது. இப்போது அந்த டேப்புகள் இன்டர்நெற் ஆர்க்கைவிடம் இருக்கின்றன.

ஒரு தனி மனுசி வீட்டுக் காசில் செய்ததை, நிலையங்கள் செய்ய முடியாது என்று சொல்ல முடியுமா? அதுவும் இப்ப டேப்பும் தேவையில்லாத காலத்தில்.

ஒரு இணையத்தளம் எப்படிச் சான்றாகிறது

எங்கட பக்கத்தில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது, அது தொலைக்காட்சி அல்ல. 1997இல் தொடங்கிய தமிழ்நெற். அதன் ஆசிரியராக இருந்த தராகி என்ற தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் இலங்கைக்குள் அந்தத் தளம் முடக்கப்பட்டது. அதன் அரசியல் சாய்வு பற்றி எத்தனையோ விமர்சனம் வைக்கலாம், வைக்கவும் வேணும். ஆனால் அது செய்த ஒரு வேலையைப் பாருங்கள். எங்கேயோ ஒரு கிராமத்தில் நடந்த சம்பவத்தைத் திகதி, நேரம், இடத்தின் பெயரோடு சின்னச் சின்னச் செய்தியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி கொடுத்து வைத்தது. அதனால்தான் அதை ஏற்கிறவரும் மேற்கோள் காட்டலாம், மறுக்கிறவரும் ‘இந்தத் திகதியில் நீ எழுதினது பிழை’ என்று காட்டலாம். பிழையை நிரூபிக்கக்கூட ஒரு பதிவு வேணும்.

2009 ஜனவரி 6 அதிகாலை பன்னிப்பிட்டி தெபானமையில் சிரச, சக்தி, எம்.ரி.வி. அலைவரிசைகளின் கலையகத்துக்குள் ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று புகுந்து பிரதான கட்டுப்பாட்டு அறையை நாசமாக்கியது. இரண்டு நாள் கழித்து லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். 1981இல் நூலகம், 2009இல் கலையகம். ஒரு கட்டடத்துக்குள் மட்டும் வைத்திருக்கிற நினைவு எவ்வளவு பாதுகாப்பில்லாதது என்று இதைவிட எப்பிடிச் சொல்றது?

இணையத்தளத்தையும் முடக்கலாம்தானே என்று கேட்பீர்கள். முடக்கலாம். 2011 நவம்பரிலும் சில செய்தித்தளங்களை முடக்கினார்கள், பதிவு செய்யச் சொன்னார்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றியும் எங்களுக்குத் தெரியும். ஆனால் முடக்கப்பட்ட தளம் வேறு நாட்டில் திறக்கும், யாரோ ஒருவரின் கணினியில் பிரதியாக இருக்கும், தடை நீங்கினால் திரும்ப வரும். அழிந்த டேப் திரும்ப வராது.

‘எல்லாந்தான் யூடியூப்பில கிடக்கே!’

நண்பர்களோடு கதைக்கும்போது உடனே வாற பதில் இது. உண்மைதான், இப்போது ஏறத்தாழ எல்லா அலைவரிசையும் செய்தியறிக்கையை யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் போடுகின்றன. அது நல்லதுதான். ஆனால் அது போதாது. ஏன் என்று மூன்று சம்பவங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, 2018 மார்ச். கண்டி, திகன பக்கம் முஸ்லிம் மக்கள்மேல் வன்முறை நடந்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்ப முடக்கியது, அந்த முறை யூடியூப்பும் சேர்ந்து. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, நள்ளிரவு தொடக்கம் பிற்பகல் வரை இன்னொரு தடவை. மூன்று முறையும் மக்களுக்குச் செய்தி மிக அவசரமாகத் தேவைப்பட்ட நேரம். மூன்று முறையும் சமூக வலைத்தளங்கள் படுத்திருக்க, சாதாரண இணையத்தளங்கள் திறந்தன. தனக்கென்று தளம் இல்லாமல் பேஸ்புக்கை மட்டும் நம்பியிருந்த எந்த நிலையமும் அந்த நேரத்தில் இணையத்தில் ஊமைதான்.

இரண்டாவது, அதே 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ரி.வி. வேலை செய்யாது. போனில் மிஞ்சியிருக்கிற சார்ஜும் டேட்டாவும்தான் உலகம். ஒரு நிமிச வீடியோ பல மெகாபைட்டை விழுங்கும். அதே செய்தியை எழுத்தில் போட்டால், சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்திலும் திறக்கும். டைனமோ சுத்தின தலைமுறைக்கு இது நன்றாக விளங்கும்: நெருக்கடியில் வேலை செய்வது எப்போதும் மிகக் குறைந்த சக்தியில் ஓடுகிற சாமான்தான்.

மூன்றாவது கனடா. எங்கட சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற நாடு. அங்கே செய்தி நிறுவனங்களுக்கு இணைய நிறுவனங்கள் காசு கொடுக்க வேணும் என்று ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக மெற்றா நிறுவனம் 2023 ஆகஸ்டில் இருந்து கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்தியது. கனடியச் செய்தி மட்டுமல்ல, வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் பக்கங்களும் அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஸ்காபரோவில் இருக்கிற ஒரு அம்மம்மாவுக்கு, யாழ்ப்பாணத்துச் செய்தியைப் பேஸ்புக்கில் பார்க்கிற வழி கலிபோர்னியாவில் எடுத்த ஒரு முடிவால் அடைபட்டுப் போகலாம்.

அதே மாதம் கனடாவின் வடக்கில் யெலோநைஃப் நகரத்தைக் காட்டுத்தீ நெருங்கியது. ஏறத்தாழ 20,000 பேர் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. எந்த வீதி திறந்திருக்கு, எங்க தங்கலாம் என்ற செய்தியைப் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. மக்கள் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினார்கள். அப்போது அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது ‘கபின் ரேடியோ’ என்ற உள்ளூர் ஒலிபரப்பு நிலையத்தின் செய்தித்தளம். சின்ன நிலையம். ஆனால் தன்ர பெயரில், தன்ர முகவரியில், ஒழுங்கான ஒரு தளம் வைத்திருந்தது. ஒரு உள்ளூர் நிலையத்துக்கு நல்ல தளம் ஏன் வேணும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

நல்ல தளம் என்றால் எது?

எங்கட நாட்டில் சில நிறுவனங்கள் மும்மொழியிலும் தளம் வைத்திருக்கின்றன. நியூஸ்ஃபெஸ்ட், அத தெரண இரண்டுக்கும் தமிழ்ப் பக்கம் இருக்கிறது. எனவே நான் கேட்பது நடக்காத காரியமில்லை. ஆனால் ‘தளம் இருக்கு’ என்பதும் ‘நல்ல தளம் இருக்கு’ என்பதும் வேறு. என் பார்வையில் ஒரு நல்ல செய்தித்தளத்துக்கு ஐந்து விசயம் வேணும்.

ஒன்று, தேடக்கூடிய தமிழ் எழுத்து. எங்கட ஆட்கள் கனகாலம் பாமினி எழுத்துருவில் தட்டினவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், கூகுளும் கண்டுபிடிக்காது. யுனிகோடில் எழுதியிருந்தால் மட்டுமே பத்து வருசத்துக்குப் பிறகும் தேடி எடுக்கலாம். வீடியோவுக்குள் இருக்கிற பேச்சையும், படத்துக்குள் எழுதின தலைப்பையும் தேட முடியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, திகதியும் இடமும் செய்தியாளர் பெயரும். ‘இன்று காலை’ என்று எழுதினால் எந்த இன்று? ‘வடக்கில்’ என்றால் பருத்தித்துறையா மன்னாரா? செய்தியாளரின் பெயர் போடுவது அவருக்கு ஆபத்தாகலாம் என்ற இடத்தில் மட்டும் அதை விடலாம், காரணத்தை ஆசிரியபீடம் தன் கையில் வைத்திருக்க வேணும்.

மூன்று, மாறாத முகவரி. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போவது எங்கட தளங்களில் சாதாரணம். பெயின்ற் அடிக்கிறதுக்காக வீட்டில் இருந்த பழைய ஆவணங்களை எரிக்கிற மாதிரித்தான் இது.

நாலு, திருத்தம். 2019 ஏப்ரல் 25ஆம் திகதி பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், சம்பந்தமே இல்லாத ஒரு அமெரிக்க இளம் பெண்ணின் படம் இருந்தது. பிறகு பொலிஸார் மன்னிப்புக் கேட்டார்கள். படம் ஒளிபரப்பான இரவு பார்த்தவர்கள் எல்லாரும் மன்னிப்பு ஒளிபரப்பான நேரம் ரி.வி. முன்னால் இருந்திருப்பார்களா? ஒளிபரப்பில் பிழையும் திருத்தமும் வேறு வேறு ஆட்களுக்குப் போகும். தளத்தில் பிழை இருந்த அதே முகவரியில், ‘இது திருத்தப்பட்டது, இன்ன காரணம்’ என்று போடலாம். சத்தமில்லாமல் அழிப்பது திருத்தமில்லை.

ஐந்து, மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வசதி. ஒரே நிறுவனம் ஒரே சம்பவத்தை சிங்களத்தில் ஒரு மாதிரியும் தமிழில் வேறு மாதிரியும் சொல்கிறது என்று எங்கட ஆட்கள் கனகாலமாகக் குறைப்படுகினம். எழுத்தில் இல்லாதவரை அது வெறும் குறைதான். எழுத்தில் இருந்தால் அது ஆய்வு. 1983 பற்றி நான் மேலே கேட்ட கேள்வியை, எங்கட காலத்தைப் பற்றி எங்களுக்குப் பின்னால் வாறவர்கள் கேட்கும்போது, அவர்களுக்காவது விடை கிடைக்க வேணும்.

காசு எங்க?

‘விளம்பரமே விழுந்துபோய்க் கிடக்கு, இதுக்கெல்லாம் ஆள் போட முடியுமா?’ இது நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு சின்ன நிலையங்கள் மூச்சு விடுறதே பெரிய காரியம். ஆனால் ஒரு விசயத்தை யோசியுங்கள். செய்தி வாசிப்பவர் கமராவைப் பார்த்து வாசிக்கிறது ஏற்கெனவே யாரோ தட்டச்சு செய்து வைத்த எழுத்தை. அந்த எழுத்து ஒவ்வொரு இரவும் கணினியில் இருக்கிறது. அதைத் திகதியோடு தளத்தில் ஏற்றுவதற்குப் புதிதாக ஒரு ஆசிரியபீடம் தேவையில்லை. ஒரு ஆளின் ஒரு மணித்தியால வேலை.

இன்னொன்று. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இருந்து ஒரு பிராந்தியச் செய்தியாளர் அரை நாள் அலைந்து ஒரு காணிப் பிரச்சினை பற்றித் தகவல் திரட்டி அனுப்புவார். அறிக்கையில் அதற்கு 40 செக்கன் கிடைக்கும். மிச்சம் எல்லாம் குப்பைக்கூடைக்கு. தளம் இருந்தால் அந்த மிச்சத்துக்கும் ஒரு இடம் இருக்கு. காணிக்காரரின் பெயர், எத்தனை வருசமாகக் கேட்கினம், அதிகாரி என்ன சொன்னார் என்பதெல்லாம் அங்கே நிற்கும். நாளைக்கு அதே காணி பற்றி ஒருவர் நீதிமன்றம் போனால், ‘2015இலேயே இது செய்தியாக வந்தது’ என்று காட்ட ஒரு தாள் இருக்கும். எங்கட மக்களுக்கு இது சின்ன விசயமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வருசக்கணக்காக வீதியில் இருந்து போராடுகினம். அவர்கள் ஒரு கமராவுக்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு சான்று. ஒளிபரப்பி முடிய அது காற்றில் கரைஞ்சுபோனால், அந்த அம்மா அடுத்த கமராவுக்கு முன்னால் முதலில் இருந்து திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு.

நாங்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ரூபவாஹினியும் ஐ.ரி.என்.னும் அரசுக்குச் சொந்தமானவை. எந்த ஆண்டில் இருந்து தமிழ்ச் செய்தியறிக்கைகளைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள், எழுத்தாகவா வீடியோவாகவா, மாணவர்கள் எப்படிப் பார்க்கலாம் என்று நாங்கள் விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். ஊடகக் கற்கையும் வரலாறும் படிக்கிற எங்கட துறைகளில், ஒரு அலைவரிசையின் ஒரு கிழமைச் செய்தியைத் தலைப்பு, திகதி, இடம் என்று அட்டவணை போட்டு வைக்கிறதையே ஒரு ஒப்படையாகக் கொடுக்கச் சொல்லி விரிவுரையாளர்களிடம் கேட்கலாம். மரியன் ஸ்டோக்ஸ் தனியாளாக முப்பது வருசத்துக்கு மேல் செய்தார். எங்கட வகுப்பில் மட்டும் 60 பேர் இருக்கிறம். ஆளுக்கு ஒரு கிழமை எடுத்தாலே ஒரு வருசத்துச் செய்தி அட்டவணையில் ஏறிவிடும். முதல் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம், சேர விரும்புகிறவர்கள் வாருங்கள்.